தண்ணீர், உப்பு, பிறகுதான் கிலோமீட்டர்

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மாதம் ஒருவராவது வருகிறார்கள். "அந்தப் பெரியவருக்கும் குடல் ஆபரேஷன் ஆயிருக்கு, ஆனா ஓடுறார், போய்ப் பாரு" என்று யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள். வந்தவர்கள் முதலில் வெயிலைப் பற்றிப் பேசுவார்கள், ஜி.எஸ்.டி. சாலை நெரிசலைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஐயா, திரும்ப ஓட முடியுமா?" என்பார்கள்.

முடியும். எனக்கு வயது 63. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்னும் குடல் புண் நோயால் 41 வயதில் பெருங்குடலையும் மலக்குடலையும் எடுத்துவிட்டார்கள். சிறுகுடலின் முனையை வயிற்றின் வலப் பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்தார்கள். 22 ஆண்டுகளாக அங்கே ஒரு பை ஒட்டியிருக்கிறது. அந்தப் பையோடு மாரத்தான் ஓடியிருக்கிறேன், சைக்கிளில் 200, 300 கிலோமீட்டர் பிரெவே என்னும் நெடுந்தூரப் பயணங்களை முடித்திருக்கிறேன். நான் மருத்துவன் இல்லை. இங்கே சொல்வதற்கும் உங்கள் சர்ஜன் சொல்வதற்கும் வேறுபாடு இருந்தால் அவர் சொல்வதையே கேளுங்கள். திண்ணையில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை இப்போது எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

1. உங்களுக்கு எதை எடுத்தார்கள், எதை எதோடு இணைத்தார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். "குடல்ல ஆபரேஷன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு பயிற்சிக்கு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. குடல் காசநோயால் சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்தவருக்கு ஒரு வாழ்க்கை. இடப் பக்கம் பெருங்குடலை வெளியே கொண்டுவந்து கொலாஸ்டமி வைத்தவருக்கு வேறொன்று. என்னைப்போல் இலியாஸ்டமி வைத்தவருக்கும், பெருங்குடலை எடுத்துவிட்டுச் சிறுகுடலாலேயே உள்ளே ஒரு பை தைத்துக்கொண்டவருக்கும் இன்னொன்று. பெருங்குடலில் பெரும்பகுதி மிஞ்சியிருந்தால் தண்ணீர்க் கணக்கு ஏறக்குறைய மற்றவர்களைப் போலத்தான். பெருங்குடலே இல்லையென்றால் கீழே 4-ஆவது குறிப்பை மூன்று முறை படியுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வைத்துக்கொண்டு, எத்தனை சென்டிமீட்டர், எந்த இடம் என்று சர்ஜனிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்டால் சொல்வார்கள்.

2. முதல் ஆறு வாரம் நடை மட்டும். வார்டு வராந்தாவில் ஆரம்பிக்கும் நடை வீட்டு வாசல் வரை, தெருமுனை வரை, பிள்ளையார் கோயில் வரை என்று நீளட்டும். இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுங்கள்.

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வரும். டாக்டர் டேவிட் சவுரிமுத்து 1928-இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியத்தின் பெயர்தான் அந்த நிலையத்துக்கு. அதற்கும் முன்பே இங்கிலாந்தில் ஃபிரிம்லி சானடோரியத்தில் மார்க்கஸ் பேட்டர்சன் என்ற மருத்துவர், நோயாளிகளைப் படுக்கையிலேயே வைத்திருக்காமல் அரை மைல் நடக்கச் சொன்னார். அது சிறிது சிறிதாகக் கூடி ஒரு நாளுக்குப் பத்து மைல் ஆனது. அதன் பிறகுதான் கையில் கூடை, அதன் பிறகுதான் மண்வெட்டி. காய்ச்சல் தலைகாட்டினால் உடனே ஓய்வு. நூறு வருடத்துக்கு முந்தைய அந்த வரிசையை இன்றைக்கும் நான் மாற்ற மாட்டேன்.

3. தண்ணீர் கேனைத் தூக்காதீர்கள். இதைத் தனிக் குறிப்பாக எழுதக் காரணம் இருக்கிறது. நம் பகுதியில் வீட்டுக்கு வீடு 20 லிட்டர் கேன்தான். வெறும் தண்ணீரே 20 கிலோ. சமையல் எரிவாயு 14.2 கிலோ, இரும்பு உருளையையும் சேர்த்தால் 30 கிலோவை நெருங்கும். அறுவைத் தழும்பு மூன்று மாதத்தில் பழைய வலுவில் சுமார் 80 சதவீதத்தை எட்டும். அதற்குப் பிறகும் முழு வலு திரும்புவதில்லை. பை வைத்த இடத்தில் வயிற்றுச் சுவரில் ஒரு துளையே இருக்கிறது. அந்தத் துளையின் ஓரமாகக் குடல் பிதுங்கி வந்தால் அதுதான் ஹெர்னியா. வந்தபின் ஓட்டம் போகட்டும், சைக்கிளில் குனிவதே கஷ்டம். கேன் போடுகிற தம்பியிடம் உள்ளே கொண்டுவந்து கவிழ்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், கூடப் பத்து ரூபாய் கொடுங்கள். மூன்று மாதம் கழித்து சர்ஜன் அனுமதித்தால், மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, மூச்சை விடும்போது தொப்புளை முதுகை நோக்கி இழுக்கும் பயிற்சியில் தொடங்குங்கள். எழுந்து எழுந்து படுக்கிற சிட்-அப் வேண்டவே வேண்டாம்.

4. இனிச் சொல்வதுதான் இந்த எழுத்துக்கே காரணம்.

அறுவை முடிந்து நான்காவது மாதம், ஏப்ரல். வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் 10 கிலோமீட்டர் ஓடுவதென்று இறங்கினேன். அறுவைக்கு முன் நான் 10 கிலோமீட்டரை ஓட்டம் என்றே கணக்கில் வைத்ததில்லை. மூன்று பாட்டில் தண்ணீர் எடுத்துப் போனேன். தாகம் எடுத்தது, குடித்தேன். இன்னும் தாகம், இன்னும் குடித்தேன். பை நிறைந்தது. புதருக்குப் பின்னால் போய்க் காலி செய்துவிட்டு வந்தேன், மறுபடி நிறைந்தது. திரும்பும் வழியில் கொளப்பாக்கம் பக்கத்தில் கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகின. மூடியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஓர் ஆட்டோக்காரர்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். மூன்று நாள் சலைன் ஏறியது. ரத்தத்தில் சோடியம் இறங்கியிருந்தது, கிரியேட்டினின் ஏறியிருந்தது. அத்தனை தண்ணீர் குடித்தவனுக்குத்தான் உடம்பில் தண்ணீர் இல்லை.

காரணத்தைப் பிறகு புரிந்துகொண்டேன். பெருங்குடல் ஒரு நாளில் ஒன்று, ஒன்றரை லிட்டர் தண்ணீரையும் அதோடு உப்பையும் திரும்ப உடம்புக்குள் இழுத்துக் கொடுக்கும். அது போனபின் அந்த உப்பு பைக்குள் போய்விடுகிறது. சிறுகுடலின் மேற்பகுதியோ, உள்ளே வருவது உப்பில்லாத நீராக இருந்தால் உடம்பிலிருந்து உப்பை எடுத்து அதில் கலந்துவிடும். உப்பு போகிற இடத்துக்குத் தண்ணீரும் போகும். ஆகவே பை வேகமாக நிறைகிற வேளையில் வெறும் தண்ணீரை மேலும் மேலும் குடித்தால், குடித்ததைவிட அதிகமாக இழப்பீர்கள். அதற்கு மேல் நம் ஊர் வியர்வை வேறு. சாதாரணமாக இலியாஸ்டமியில் ஒரு நாளுக்கு 500 முதல் 800 மில்லி வரை போகும். ஒன்றரை லிட்டரைத் தாண்டுகிற நாளில் பயிற்சி கிடையாது.

எனவே உப்புள்ள நீர்தான் நமக்கு நீர். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் கரையுங்கள். அதில் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு இது. பை மிக அதிகமாகப் போகிறவர்களுக்கு இந்த உப்பும் போதாது. லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் கரைசலில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 20 கிராம், உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம் சேர்ப்பார்கள். கரண்டியால் அளக்காமல் எடை பார்த்துக் கலந்து, குளிரவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடாதீர்கள்.

5. கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் பழச்சுவைப் பானமெல்லாம் ஓ.ஆர்.எஸ். ஆகிவிடாது. அவற்றில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. அதிகச் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், பை பொங்கும். உரிய அளவில் இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாதென்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. ஆனாலும் பின்பக்க அட்டவணையைப் படித்துப் பழகுங்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம், சோடியம் மிகக் குறைவு. ஒரு சிட்டிகைக்கு மேலாகவே உப்புப் போட்டுத்தான் நான் குடிக்கிறேன். என் மனைவி கையால் வரும் உப்புப் போட்ட நீராகாரமும் மோரும் எனக்கு எந்தப் புட்டிப் பானத்தையும்விட ஒத்துக்கொள்கின்றன. இது என் வயிற்றின் தீர்ப்பு. உங்கள் வயிற்றிடம் நீங்கள் தனியாகக் கேட்க வேண்டும்.

6. பயிற்சி நோட்டில் முதல் பத்தி கிலோமீட்டராக இருக்கக் கூடாது. என் நோட்டில் முதல் பத்தி சிறுநீரின் நிறம். எலுமிச்சைச் சாறு போல் இருந்தால் போகலாம், டிகாக்ஷன் போல் இருந்தால் வீட்டில் இருக்க வேண்டும். இரண்டாவது பத்தி, எத்தனை முறை பையைக் காலி செய்தேன் என்பது. மூன்றாவது, ஓடுமுன்னும் ஓடியபின்னும் எடை. ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிற்று என்று அர்த்தம். தூரம் நான்காவது பத்தியில்தான் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம் பார்க்கிறேன். சிறுநீரில் சோடியம் எவ்வளவு என்றும் கேட்டுப் பாருங்கள். அது லிட்டருக்கு 20 மில்லிமோலுக்குக் கீழே இறங்கியிருந்தால், ரத்தச் சோதனை சரியாக இருந்தாலும் உடம்பு உப்புக்கு ஏங்குகிறது. நீர் குறைந்து சிறுநீர் அமிலமாகும் நம்மவர்களுக்குச் சிறுநீரகக் கல்லும் எளிதில் வரும். எனக்கு இரண்டு முறை வந்தது. அந்த வலியோடு ஒப்பிட்டால் மாரத்தானின் கடைசி ஐந்து கிலோமீட்டர் ஒன்றுமே இல்லை.

7. சாப்பாட்டையும் ஒத்திகை பாருங்கள். சாதம், நன்கு பழுத்த வாழைப்பழம், ஜவ்வரிசி, உருளைக்கிழங்கு, தயிர் ஆகியவை போக்கைக் கெட்டியாக்கும். பனங்கிழங்கு, மக்காச்சோளம், காளான், தேங்காய்ச் சில்லு, முருங்கைக்காய்ச் சக்கை ஆகியவை முதல் மாதங்களில் அடைத்துக்கொள்ளும். பொங்கலுக்குப் பனங்கிழங்கு வந்தால் வீட்டார் சாப்பிடட்டும், நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள். பை பல மணி நேரம் வறண்டு, வயிறு முறுக்கி, வாந்தியும் வந்தால் அது அடைப்பு. மாத்திரை போட்டுப் பார்க்கிற வேலை வேண்டாம், நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

போட்டிக்கு முந்தைய நாள் மாலை 6:30-க்குச் சாதம், தயிர், உப்பு. விடிகாலை 3 மணிக்கு இரண்டு இட்லி, சாம்பார் கிடையாது. சர்ஜன் எழுதிக் கொடுத்திருந்தால் அதற்கு அரைமணி முன்பு, போக்கை மட்டுப்படுத்தும் லோபராமைடு. இதே சாப்பாட்டோடு குறைந்தது ஆறு நீண்ட ஓட்டங்களை முடித்திருக்க வேண்டும். போட்டியன்று யாரோ நீட்டுகிற ஜெல்லை வாங்கிச் சாப்பிட்டுப் பார்க்கக் கூடாது.

8. வழித்தடத்தைக் கழிவறையை வைத்துத் தீர்மானியுங்கள். தாம்பரத்திலிருந்து கடற்கரை வரைக்கும் மின்சார ரயில் 1931 முதல் ஓடுகிறது. கொளப்பாக்கத்தில் விழுந்தபின் முதல் வருடம் என் ஓட்டமெல்லாம் அந்தத் தண்டவாளத்தை ஒட்டித்தான். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் எங்கே கதவு திறந்திருக்கும், எங்கே தண்ணீர் வரும் என்று மனப்பாடம். முடியவில்லையென்றால் ரயிலேறி வீடு திரும்பலாம். இப்போதும் புதிதாக வருகிறவர்களை நெடுந்தூரச் சாலைக்கு அனுப்ப மாட்டேன். சேலையூரிலோ மாடம்பாக்கத்திலோ வீட்டை மையமாக வைத்து இரண்டு கிலோமீட்டர் வட்டம் போடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் வீட்டு வாசலைத் தொடுவீர்கள். சைக்கிள் என்றால் பெட்ரோல் பங்க்குகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்யுங்கள். ஓடும்போது அந்தக் கனம் பசையை இழுத்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வெளிநாட்டுக் கையேடுகள் சொல்கிற நாள் கணக்கு பொருந்தாது, மே மாதத்தில் ஒரு நாள் முன்னதாகவே மாற்ற வேண்டியிருக்கும். மாற்றுப் பைகளை வண்டிப் பெட்டியில் வெயிலில் வைக்காதீர்கள், பசை கெட்டுவிடும். தோலில் முகப் பவுடரோ எண்ணெயோ பட்டால் பை ஒட்டாது. சிறுகுடலிலிருந்து வருவதில் செரிமான நீர் இருப்பதால் தோலை அது அரித்துப் புண்ணாக்கும். கொஞ்சம் கசிந்தாலும் "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று ஓடாதீர்கள்.

9. ரத்தத்தைக் கவனியுங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12. சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் பி12 உள்ளே போகும். அது வெட்டுப்பட்டவர்களுக்குக் காலமெல்லாம் ஊசி தேவைப்படலாம். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகள் சிலருக்கு முழுசாகவே பையில் வந்து விழும். பையில் மாத்திரையைப் பார்த்தால் மருத்துவரிடம் சொல்லி வடிவத்தை மாற்றி வாங்குங்கள். வலி மாத்திரை விழுங்கிவிட்டு ஓடாதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகைகள் நீர் வற்றிய சிறுநீரகத்தையும் குடலையும் ஒருசேரப் புண்படுத்தும். குடல் புற்றுநோய்க்கு ஆக்ஸாலிப்ளாட்டின் எடுத்தவர்களுக்குப் பாதம் மரத்துப்போகும். அவர்கள் ஓடி முடித்ததும் காலணியைக் கழற்றி உள்ளங்காலைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

10. பதக்கத்துக்காக ஓடுகிறவர்கள் ஊக்கமருந்து விதிகளை இப்போதே படியுங்கள். மாநில, தேசியப் போட்டிகளுக்குப் போகும் பிள்ளைகள் இதில் மாட்டிக்கொள்ளக் கூடாதென்பதே என் கவலை. பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகளை வாய் வழியாகவோ ஊசியாகவோ ஆசனவாய் வழியாகவோ எடுப்பது போட்டிக் காலத்தில் தடை. டிராமடால் 2024 முதல் தடை. நீர் வற்றிப்போய்த் தெருமுனை கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வதும் விதிமீறல் ஆகலாம். 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பு வழியாக எதை ஏற்றினாலும் தடை. முறையான மருத்துவமனைச் சிகிச்சை, அறுவை, நோயறியும் சோதனை ஆகியவற்றின் பகுதியாக ஏற்றினால் மட்டும் விலக்கு. தேவைப்படும் மருந்துக்குத் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையிடம் முன்கூட்டியே சிகிச்சை விலக்கு கேளுங்கள். ஆனால் உயிருக்கு ஆபத்தென்றால் சலைன்தான் முதலில், காகிதம் பிறகு.

11. அவசரப்படாதீர்கள். மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு ஆடிய கால்பந்து வீரர் டேரன் ஃபிளெட்சருக்கும் என் நோய்தான். உலகத்தின் பணக்கார அணிகளில் ஒன்று, கூடவே மருத்துவர்கள். 2013 ஜனவரியில் அறுவை நடந்தது, அவர் மீண்டும் ஆட்டத்தில் இறங்கியது டிசம்பரில். நீங்கள் ஐந்தாவது மாதத்தில் அரை மாரத்தானுக்குப் பணம் கட்டியதாகச் சொன்னால் நான் வாழ்த்துச் சொல்ல மாட்டேன். சென்னை மாரத்தான் ஜனவரியில், பனிக்காலத்தில், விடியுமுன்னே தொடங்குகிறது. நம்மைப் போன்றவர்களுக்கு நம் ஊரில் அதைவிட நல்ல காலமில்லை. அறுவைக்குப் பின் வருகிற முதல் ஜனவரியை விட்டுவிடுங்கள், அடுத்ததற்குத் தயாராகுங்கள்.

12. ஒளிக்காதீர்கள். அந்த ஃபிளெட்சரும் ஆரம்பத்தில் அணித் தோழர்களிடமே நோயை மறைத்தவர்தான். நானும் இரண்டு வருடம் மறைத்தேன். கூட ஓடுகிறவர்களை விட்டு விலகி, தனியாக, இருட்டில் ஓடினேன். கொளப்பாக்கத்தில் விழுந்தபோது பக்கத்தில் யாரும் இல்லாததற்கு அந்த மறைப்பே காரணம். ஒரு பெண், கல்லூரி ஓட்டக்காரி, திண்ணையில் அழுதுகொண்டே கேட்டாள்: "அரைக்கால் சட்டை போட்டா பை தெரியுமே, தாத்தா?" தெரியட்டும் அம்மா என்றேன். கனடாவின் ராப் ஹில் அந்தப் பையோடு 2010-இல் எவரெஸ்ட் ஏறி, ஏழு கண்டங்களின் உயர்ந்த சிகரங்களையும் முடித்தார். நான் என்ன சொன்னாலும் அவளுக்கு அன்றைக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு தன் தோழி ஒருத்தியிடம் மட்டும் சொன்னாள். இப்போது இருவரும் சேர்ந்து ஓடுகிறார்கள். ஒரே ஒருவரிடமாவது சொல்லிவிட்டு ஓடுங்கள்.

13. கடைசியாக ஒன்று. போட்டி எண் அட்டையின் பின்பக்கத்தில் அழியாத மையால் எழுதுங்கள்: என்ன அறுவை, எந்த ஆண்டு, பை இருக்கிறதா, என்ன மருந்து, வீட்டில் யாரை அழைப்பது. "எனக்கு உப்பு குறையும், வெறும் தண்ணீர் தராதீர்கள்" என்றும் எழுதுங்கள். மலக்குடலை எடுத்தவர்கள் அதைத் தனியே, பெரிதாக எழுத வேண்டும். வெப்பத்தில் மயங்கி விழுந்தவரின் உள் உடல் வெப்பத்தை மருத்துவக் கூடாரத்தில் அந்த வழியாகத்தான் அளப்பார்கள். நம்மிடம் அந்த வழி இல்லை. விழுந்து கிடக்கும்போது அதைச் சொல்ல நமக்கு வாயும் வராது. எண் அட்டை கைக்கு வந்த அன்றைக்கே, சட்டையில் குத்துவதற்கு முன், எழுதிவிடுங்கள்.